ஜெல்லி என்று மட்டும் கேட்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம்; சுருக்கித் தருகிறேன்.

"டொக்டர், எனக்கு வயது 48. பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். மாதவிடாய் வந்து எட்டு மாதமாகிறது. ஒரு வருடமாகக் கணவரோடு சேரும்போதெல்லாம் எரிவும் நோவும். உள்ளே கத்தியால் கீறுவதுபோல இருக்கும். முதலில் தேங்காய் எண்ணெய் பாவித்தோம். பிறகு பக்கத்து வீட்டு அக்கா வசலின் பூசச் சொன்னா. பிள்ளை தங்கிவிடுமோ என்ற பயத்தில் சில நாட்கள் ஆணுறையும் பாவிக்கிறோம். கனடாவில் இருக்கும் தங்கை 'சிலிக்கன் லூப்ரிகன்ட்' என்று ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறாள். திறக்கப் பயமாக இருக்கிறது. பாமசியில் போய் ஜெல்லி கேட்டேன். பெடியன் ஒரு டியூபைத் தந்தான். பூசினால் விறைத்துப்போகிறது. எது நல்லது? இவர் எனக்கு ஆசை விட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஒதுங்கிப் படுக்கிறார். எனக்கு அதுதான் பெரிய கவலை."

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த விறைக்கும் டியூபை எடுத்துத் தூர வையுங்கள். அதில் இருப்பது அநேகமாக லிக்னோகெயின். சிறுநீர்க் குழாய் போடும்போது வலி தெரியாமல் இருக்க வைத்தியசாலையில் பாவிக்கும் மரப்பு ஜெல்லி அது. கடையில் "ஜெல்லி தாங்கோ" என்று தணிந்த குரலில் கேட்டால், கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் கூச்சம், கையில் கிடைப்பதைத் தந்துவிடுகிறார்கள். அந்த மரப்பு உங்களுக்கு உதவி செய்யவில்லை. வலி என்பது உடம்பு தரும் தகவல். அதை மறைத்துவிட்டு உறவு கொண்டால் மெல்லிய தோல் கிழிவதுகூடத் தெரியாது; மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதுதான் எரியும். அந்த மரப்பு மருந்து கணவருக்கும் ஒட்டும். அவருக்கும் விறைத்தால், அதையும் அவர் உங்கள் ஆசையின்மைக் கணக்கில்தான் எழுதிக்கொள்வார்.

இதேபோல ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் பூசும் ஜெல்லியையும் சிலர் வாங்கிப் போகிறார்கள். அது வெளித்தோலுக்கானது. உள்ளே பாவிக்க வேண்டாம்.

இப்போது உங்கள் உடம்பில் நடப்பதைச் சொல்கிறேன். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையும்போது யோனியின் உட்தோல் மெலிகிறது, அங்கே ஓடும் இரத்தம் குறைகிறது, தானாக ஊறும் ஈரமும் குறைகிறது. அங்கே வாழ்ந்து நம்மைக் காக்கும் லக்டோபசிலஸ் என்ற நல்ல கிருமிகளுக்கு உணவு அந்தத் தோலிலிருந்துதான் வருகிறது. தோல் மெலிய, அவையும் குறைகின்றன. இளம் வயதில் யோனியின் பிஎச் 3.8 முதல் 4.5 வரை இருக்கும், அதாவது நல்ல புளிப்பு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது 5 ஐத் தாண்டி ஏறும், அதாவது புளிப்புக் குறையும். வறட்சி, எரிவு, அடிக்கடி சிறுநீர்க் கிருமித்தொற்று, எல்லாவற்றுக்கும் வேர் இதுவே. மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது வரும். கண் பார்வை மங்குவதைப்போல உடம்பில் வரும் மாற்றம். ஆசைக்கும் ஈரத்துக்கும் உறவு உண்டுதான். ஆனால் ஆசை நிறைய இருந்தும் ஈரம் வராத உடம்பு உண்டு. உங்களுடையது இப்போது அப்படி இருக்கிறது. இந்த ஒரு வரியைக் கணவரிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

இனி எண்ணெய் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த இடம் இதுதான். ஆணுறையும் பாவிக்கிறோம், எண்ணெயும் வசலினும் பூசுகிறோம் என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேரக் கூடாது. ஆணுறை செய்யும் லேடெக்ஸ் ஒரு வகை ரப்பர். எண்ணெய் பட்டால் அது பலமிழக்கும். 1989 இல் வெளியான ஒரு பரிசோதனையில், கனிம எண்ணெய் ஒரே நிமிடம் பட்டதற்கே ஆணுறை தன் பலத்தில் 90 சதவீதம் அளவுக்கு இழந்தது. வசலின் அந்தக் கனிம எண்ணெய்க் குடும்பம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கைக்குப் பூசும் லோஷன், பேபி ஒயில், எல்லாம் ரப்பரைக் கெடுக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பாவிக்கும்போது கிழியும்.

மாதவிடாய் எட்டு மாதம் வரவில்லை என்பதால் கருத்தரிக்காது என்று எண்ணிவிடாதீர்கள். 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால், கடைசி மாதவிடாயிலிருந்து 2 வருடத்துக்குக் கருத்தடை வேண்டும். 50 க்குப் பிறகு நின்றால் 1 வருடம் போதும். ஆகவே உங்களுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. எண்ணெயோடு ஆணுறை பாவித்த நாட்கள் இருப்பதால், கர்ப்பம் இருக்கிறதா என்று பாமசியில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த வயதில் அது இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனாலும் பார்த்தால் மனம் ஆறும்.

தேங்காய் எண்ணெய் பாவித்ததற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழி அது. ஆணுறை தேவைப்படாத தம்பதியருக்கு, வாசனையும் மூலிகையும் சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொண்டால் நான் தடுப்பதில்லை. தலைக்கு வைக்கும் மூலிகை எண்ணெய் வேண்டாம். அதில் என்னென்ன காய்ச்சிச் சேர்த்திருக்கிறார்கள் என்று மெலிந்த தோலுக்குத் தெரியாது, அது எரியும். சிலருக்கு எண்ணெய் பாவித்தபின் பூஞ்சைத் தொற்று வருகிறது. வெண்மையாகத் தயிர்போலப் படுதல், கடுமையான கடி (அரிப்பு) வந்தால் நிறுத்திவிடுங்கள். வசலினைப் பொறுத்தவரை என் பதில் ஒன்றே: வேண்டாம். அது உள்ளே நெடுநேரம் ஒட்டிக்கொண்டு கிடக்கும், தண்ணீரில் போகாது. அதை உள்ளே பாவிக்கும் பெண்களுக்கு, நல்ல கிருமிகள் குறைந்து மீன்வாடையோடு வெள்ளைபடும் தொற்று கூடுதலாக வருவதாக ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

கடையில் கிடைக்கும் லூப்ரிகன்ட், அதாவது உறவின்போது உராய்வைக் குறைக்கும் வழுக்கல் ஜெல்லி, இரண்டு வகை: தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, சிலிக்கனை அடிப்படையாகக் கொண்டது. இரண்டும் லேடெக்ஸ் ஆணுறைக்குக் கெடுதி செய்யாது.

தண்ணீர் வகை எளிதில் கழுவிப் போகும், துணியில் கறை பிடிக்காது, விலையும் குறைவு. குறை என்னவென்றால் சீக்கிரம் காய்ந்து பிசுபிசுத்துப்போகும். காய்ந்தால் மேலே மேலே பூசிக்கொண்டு போகாமல் விரலில் சில துளி தண்ணீர் தொட்டுப் பாருங்கள், திரும்ப வழுக்கும். இந்த வகையில்தான் போத்தலின் பின்பக்கத்தை வாசிப்பது முக்கியம். பலவற்றில் கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைகோல் நிறையச் சேர்த்திருப்பார்கள். ஊறுகாய்க்கு எலுமிச்சையை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் அது தண்ணீர் விடும், பார்த்திருப்பீர்கள். செறிவு கூடிய திரவம் பக்கத்தில் இருப்பதிலிருந்து தண்ணீரை இழுக்கும். கிளிசரின் கூடிய ஜெல்லி யோனித் தோலுக்கும் அதையே செய்கிறது. பூசும்போது வழுக்கும், ஆனால் தோல் மேலும் உலரும், மேற்படை உரியும். வறட்சிக்கென்று வாங்கிய பொருள் வறட்சியைக் கூட்டும்.

இந்தச் செறிவை ஒஸ்மோலாலிட்டி என்பார்கள். நம் இரத்தத்தில் அது ஏறத்தாழ 290. உலக சுகாதார நிறுவனம் 2012 இல் வெளியான ஓர் ஆலோசனைக் குறிப்பில், லூப்ரிகன்ட்டுக்கு அது 380 க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்றும், சந்தை நிலவரத்தைப் பார்த்து 1,200 வரை ஏற்கலாம் என்றும் சொன்னது. பிஎச் 4.5 ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்றது. கடைகளில் பல காலமாக இருக்கும் பெயர்பெற்ற ஜெல்லிகள் சில 2,000 ஐயும் தாண்டும். பெரும்பாலான போத்தல்களில் இந்த எண்ணை அச்சிடுவதில்லை. அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் சுருக்கு வழி இது: சேர்மானங்களைக் கூடிய அளவில் இருப்பதிலிருந்து குறைந்ததற்கு என்று வரிசையாக எழுதுவார்கள். தண்ணீருக்கு அடுத்தபடியாகவே கிளிசரின், புரொப்பிலீன் கிளைகோல் என்று வந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். கடைசியில் வந்தால் பரவாயில்லை. குளோர்ஹெக்சிடின் என்று இருந்தால் அது கிருமிநாசினி, நல்ல கிருமிகளையும் கொல்லும். நொனொக்சினோல்-9 என்று இருந்தால் அது விந்தணுக்கொல்லி, தோலைப் புண்ணாக்கும். ஸ்ட்ரோபெரி வாசனை, சூடேற்றும், குளிர்ச்சி தரும் என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பவற்றை எடுக்கவே வேண்டாம். மென்தோல், மிளகாய்ச் சத்து போன்றவை மெலிந்த தோலில் என்ன செய்யும் என்று எங்களிடம் அழுதுகொண்டு வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பரபென் என்ற பதனப்பொருளைப் பற்றி இணையத்தில் நிறையப் பயமுறுத்துகிறார்கள். அது இல்லாதது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காகத் தூக்கம் இழக்காதீர்கள். கிளிசரினும் வாசனையும்தான் நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியவை.

சிலிக்கன் வகை தண்ணீரை இழுக்காது, உடம்புக்குள் உறிஞ்சப்படாது, காயாமல் நெடுநேரம் நிற்கும். சில துளிகள் போதும். கழுவுவதற்குச் சோப் வேண்டும் (வெளியே மட்டும்), படுக்கை விரிப்பில் கறை பிடிக்கும், தரையில் சிந்தினால் டைல்ஸில் மிகவும் வழுக்கும். பழைய துவாய் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, தங்கை அனுப்பிய போத்தலைத் திறவுங்கள். உங்கள் நிலைமைக்கு, அதாவது மெலிந்த தோல், எரிவு, ஆணுறை தேவைப்படும் காலம், மூன்றுக்கும் பொருந்துவது அதுதான். சேர்மானத்தில் டைமெத்திகோன் (சிலிக்கன் வகை ஒன்றின் பெயர்) அல்லது அதுபோன்ற பெயர்கள் இரண்டு மூன்று இருந்து, வாசனைப்பொருள் இல்லாமல் இருந்தால் போதும். முடிவு திகதியைப் பாருங்கள். முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி பூசி ஒரு நாள் விடுங்கள். கடியோ சிவப்போ இல்லையென்றால் அடுத்த நாள் வெளியே ஒரு துளி. அதன்பின் பாவிக்கலாம். வைப்பதற்கு நல்ல இடம் வீட்டில் குளிர்ச்சியான மூலை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் அலுமாரி அடுப்பாக இருக்கும். அங்கே ஜெல்லியும் வைக்க வேண்டாம், ஆணுறையும் வைக்க வேண்டாம். கணவரின் மோட்டார் சைக்கிள் பெட்டியும் அப்படித்தான்.

பூசும் முறையில் பலர் தவறுவது, ஒரு பக்கம் மட்டும் பூசி அவசரப்படுவது. உங்களுக்கு வாசலிலும் சற்று உள்ளேயும், அவருக்கும் (ஆணுறை என்றால் அதன் வெளிப்பக்கம்) இருவருக்கும் பூச வேண்டும். அதற்கு முன்பு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் உடம்பு தயாராக முன்பைவிடக் கூடிய நேரம் கேட்கும். பூசுவதை அவரே செய்யட்டும், அதுவும் அந்த நேரத்தின் ஒரு பகுதி ஆகட்டும். மிளகாய் அரிந்த கை, தைலம் தொட்ட கை என்றால் நன்றாகக் கழுவிய பின்பு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு வருடமாக நோவோடு சேர்ந்திருக்கிறீர்கள். அதன் பிறகு உடம்பு நோவை எதிர்பார்த்தே இருக்கும். அவர் பக்கத்தில் வந்ததும் யோனியைச் சுற்றியுள்ள தசைகள் தானாக இறுகும். இறுகினால் வழி ஒடுங்கும், ஒடுங்கினால் எவ்வளவு நல்ல ஜெல்லி பூசினாலும் நோகும். இந்தச் சுற்றை உடைக்காமல் போத்தலை மட்டும் மாற்றிப் பயனில்லை. இரண்டு மூன்று கிழமைக்கு உள்ளே சேர்வதை நிறுத்திவையுங்கள். பக்கத்தில் படுங்கள், கட்டிப்பிடியுங்கள், கை கால் தடவிவிடுங்கள், அதற்கு மேல் போகவேண்டியதில்லை என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். "நோகும்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துவதாக அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். உங்களைவிட அவர் இதை அறிய வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் ஒதுங்கிப் படுப்பதும் ஒரு விதத்தில் நோவுதான், ஆனால் காரணம் தெரியாத நோ. "உங்களில் ஆசை இருக்கு. உடம்புதான் காயுது. டொக்டரும் அதைத்தான் சொல்றா" என்று விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னாலும் போதும். முகம் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் இதையே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஓர் அம்மா இதே முறைப்பாட்டோடு வந்தா. அன்று நோயாளர் வரிசை நீளம். நான் ஒரு கிறீமை எழுதிக்கொடுத்து, வயது போனால் இப்படித்தான் அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவ தலையைக் குனிந்துகொண்டு போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. வேறு வருத்தத்துக்காகப் பிறகு வந்தபோதும் அந்தக் கதையை அவ திரும்ப எடுக்கவேயில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லூப்ரிகன்ட் அந்த நேரத்து உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். மெலிந்த தோலை அது தடிப்பாக்காது. நடக்கும்போதும் இருக்கும்போதும்கூட எரிகிறது என்றால் யோனிக்கென்றே உள்ள ஈரப்பதன் ஜெல் வேண்டும். ஹயலுரோனிக் அமிலம் அல்லது பொலிகாபோபில் சேர்ந்தவை நல்லவை. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைக்க வேண்டும். அதுவும் போதாதபோது நாங்கள் ஈஸ்ட்ரஜன் கிறீம் எழுதுவோம். வழக்கமாக முதல் இரண்டு கிழமை தினமும் இரவில், பிறகு கிழமைக்கு இரண்டு நாள். இரத்தத்தில் சேரும் அளவு மிகச் சொற்பம். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை எடுக்கும், இடையில் கைவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. இந்தக் கிறீமை உறவுக்கு முன் வழுக்கலுக்காகப் பூசக் கூடாது, கணவரின் உடம்பிலும் அது சேரும். சில கிறீம்களின் அடிப்படை எண்ணெய் என்பதால் ஆணுறையும் பழுதாகும்.

தடிமனுக்கும் அலர்ஜிக்கும் நாம் வாங்கிப் போடும் சில குளிசைகள் மூக்கை மட்டும் காயவைப்பதில்லை, மற்ற ஈரத்தையும் குறைக்கும். அடிக்கடி போடுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். வாசனைச் சோப், கிருமிநாசினித் திரவம் ஊற்றிக் கழுவுவது, இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் போதும். கடி என்று சொல்லிக் கடையில் வாங்கும் கலப்புக் கிறீம்களில் ஸ்டீரொயிட் இருக்கும், அது ஏற்கெனவே மெலிந்த தோலை மேலும் மெலிய வைக்கும்.

பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இதே வறட்சி வரும், ஏனென்றால் அப்போதும் ஈஸ்ட்ரஜன் தாழ்ந்திருக்கும். வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை வாசிக்கும் இளம் தாய்மாரும் மேலே சொன்னபடியே வாங்கலாம்.

கடைக் கூச்சத்துக்கு வருகிறேன். குடும்பத்திட்டமிடல் சங்கம் 'ப்ரீத்தி' ஆணுறையை இந்த நாட்டுக் கடைகளுக்குக் கொண்டுவந்தது 1973 இல். அரை நூற்றாண்டு கடந்தும், திருகோணமலைப் பிரதான வீதியில் ஒரு பெண் பாமசியில் நின்று இதைக் கேட்பது லேசில்லை என்று எனக்குத் தெரியும். கேட்க வேண்டாம், எழுதிக் கொடுங்கள். ஒரு துண்டில் "வோட்டர் பேஸ்ட் (water-based) லூப்ரிகன்ட், வாசனை இல்லாதது, மரப்பு மருந்து இல்லாதது" என்று எழுதி, மருந்துத் துண்டைப்போல நீட்டினால் போதும். பெண் மருந்தாளர் நிற்கும் கடையைப் பார்த்துப் போங்கள். தங்கையின் போத்தல் முடியும்வரை உங்களுக்கு அந்தத் தேவையும் வராது.

ஆனால் ஒரு இடத்துக்குக் கட்டாயம் போகவேண்டும். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் சுகவனிதையர் கிளினிக் நடக்கும். 1996 இலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது, இலவசம். அங்கே செய்யும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை 35, 45 வயதுகளில் செய்ய வேண்டியது. 45 இல் தவறவிட்டிருந்தால் இப்போது செய்துவிடலாம். கிளினிக் நாள் எது என்று உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலோ, வெளியே தோல் வெள்ளையாகத் திட்டுப் பிடித்துக் கடித்தாலோ, நோ வாசலில் இல்லாமல் ஆழத்தில் இருந்தாலோ, கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வரும்போது அந்த விறைக்கும் டியூப், தங்கையின் போத்தல், வீட்டில் நீங்கள் போடும் குளிசை மட்டைகள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மேசையில் வைத்துவிட்டு இதெல்லாம் பாவித்தேன் என்று சொன்னால் போதும். மிச்சத்தைக் கேட்பது எங்கள் வேலை.